கல்லுண்டாய் வெளியில் ஒரு சின்னக் குளிசை

2022 யூலை. நாடு முழுக்கப் பெற்றோல் இல்லை. அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு ஆருக்கும் எரிபொருள் விற்கிறதில்லை எண்டு யூன் இறுதியில் அரசாங்கம் அறிவித்துவிட்டது. யாழ்ப்பாணத்து வீடுகளின் கொட்டில்களுக்குள் தூசி பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வெளியில் வந்தன. எங்களில் ஒருத்தியின் அம்மப்பாவும் தன்னுடைய பழைய றலியைத் துடைத்து, ரியூப் மாற்றி, மானிப்பாயிலிருந்து காக்கைதீவுச் சந்தைக்கு மீன் வாங்க வெளிக்கிட்டார். வயது எழுபத்தொன்று. தொண்ணூறுகளில் இதே சைக்கிளில் விறகும் அரிசி மூட்டையும் கட்டி ஓடின மனுசன்.

நவாலிப் பக்கத்தால் போய்க் கல்லுண்டாய் வெளிக்குள் இறங்கியதும் சோளகம் பிடித்துத் தள்ளியது. எங்கட ஊரில் மலை இல்லை. சைக்கிள் ஓடுபவருக்கு ஏற்றம் எண்டால் அது காற்றுத்தான். அரைவாசித் தூரத்தில் அவர் இறங்கி உருட்டத் தொடங்கினார். வீட்டுக்கு வந்து சொன்னது இதுதான்: "கால் ரெண்டும் கல்லாப் போச்சு. இளைக்குது. ஆனா நெஞ்சு படபடக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது."

முந்தின வருசம் அவருக்குச் சின்னதாக ஒரு மாரடைப்பு வந்திருந்தது. அதிலிருந்து கிளினிக்கில் தந்த குளிசைகளில் ஒன்று அற்றெனலோல். "இந்தக் குளிசைதான் என்ர பலத்தை உறிஞ்சுது" எண்டு முடிவெடுத்தார். ஒருவருக்கும் சொல்லாமல் அதை நிப்பாட்டினார். நாலாம் நாள் இரவு நெஞ்சுநோ. பக்கத்து வீட்டுக்காரர் போத்தலுக்குள் சேமித்து வைத்திருந்த பெற்றோலில் ஓட்டோ ஓடியது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, குளிசை ஏதும் நிப்பாட்டினீங்களோ?"

அம்மப்பா தப்பிவிட்டார். ஆனால் அவர் சொன்ன அந்த வசனம் எங்களுக்குள் நின்றுவிட்டது. நெஞ்சு படபடக்காதது ஏன்? அது நோயா, மருந்தா? மருந்தென்றால் அதை ஏன் முதலே ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை? இந்தக் கேள்விகளோடு தேடிப் போனபோது கிடைத்த வரலாறு, அவருடைய வீட்டுக்குக் கிட்டவே தொடங்குகிறது.

மானிப்பாயில் தமிழ் பேசிய இதயம்

அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, இங்கத்தைய இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார். 1860களில் அந்தப் படிப்பை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினார். தன் மாணவர்களோடு சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடல் உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொல்லும் துறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'சுகரணம்'. 'மனுஷ சுகரணம்' என்ற நூல் 1883இல் வெளிவந்தது. இதயம் எப்படிச் சுருங்குகிறது, குருதி எந்தப் பாதையால் ஓடுகிறது என்பதையெல்லாம் மானிப்பாய்ப் பெடியள் தமிழில் எழுதிப் பாடமாக்கினார்கள்.

அம்மப்பாவின் கேள்விக்கான பதிலும் சுகரணத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். இதயம் ஒரு பம்பி. அது ஒரு நிமிடத்தில் அனுப்பும் குருதியின் அளவு இரண்டு விசயங்களின் பெருக்கம்: நிமிடத்துக்கு எத்தனை அடி, ஒரு அடிக்கு எவ்வளவு குருதி. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 70 அடி, ஒரு அடிக்கு ஏறத்தாழ 70 மில்லிலிற்றர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 5 லிற்றர். ஒரு இளைஞர் முழுப் பலத்தோடு ஓடும்போது அது 20 லிற்றரையும் தாண்டும். இந்த நாலு மடங்கில் பெரும்பங்கு வருவது அடிகளின் எண்ணிக்கை கூடுவதால். 70 அடி 180 ஆகிறது. அடிக்கொரு தடவை போகும் அளவு அந்த மாதிரிக் கூடுவதில்லை.

அடியைக் கூட்டச் சொல்லிக் கட்டளை கொடுப்பவை அட்றினலினும் அதன் உறவான நோரட்றினலினும். நாய் கலைத்தாலும், மேடையில் ஏறினாலும், எதிர்க்காத்தில் சைக்கிள் மிதித்தாலும் இவைதான் வேலை செய்கின்றன.

பூட்டும் திறப்பும்

ஒரே அட்றினலின் ஓரிடத்தில் குருதிக் குழாயைச் சுருக்குகிறது, இன்னோரிடத்தில் விரிக்கிறது. இது நெடுங்காலமாக விளங்காத விசயமாக இருந்தது. 1948இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் இருந்த றேமண்ட் ஆல்குவிஸ்ற் ஒரு விளக்கம் சொன்னார். கலங்களில் இந்தச் சுரப்புகளுக்கென்று இரண்டு வகை வாங்கிகள் இருக்கின்றன. ஒன்று அல்பா, மற்றது பீற்றா. இதயத்தில் இருப்பது பீற்றா. திறப்பு ஒன்றுதான், பூட்டுகள் வேறு. அவருடைய கட்டுரையை முதலில் அனுப்பிய சஞ்சிகை ஏற்கவில்லை. பிறகு வேறொன்றில் வெளிவந்து, பல வருசம் ஆரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் கிடந்தது.

அதைக் கண்டுகொண்டவர்களில் ஒருவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளக். 1947 தொடக்கம் 1950 வரை சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குப் படிப்பித்தவர். பிறகு கிளாஸ்கோவில் மிருக வைத்தியக் கல்லூரி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. இதயத்துக்குப் போகும் நாடிகள் ஒடுங்கினால், வேலை செய்யும்போது இதயத்தசைக்கு ஒட்சிசன் போதாமல் நெஞ்சுநோ வரும். அந்தக் காலத்து மருத்துவம் முழுக்க, எப்படி இன்னும் ஒட்சிசனைக் கொண்டுபோகலாம் எண்டே யோசித்தது. பிளக் கேள்வியைத் திருப்பிப்போட்டார்: வரவைக் கூட்டமுடியாவிட்டால் செலவைக் குறைக்க ஏலாதா? அட்றினலினின் திறப்பு போகும் பூட்டுக்குள் வேறொரு துண்டைச் செருகிவிட்டால், இதயம் கட்டளை கேட்டுத் துள்ளாது. அமைதியாக அடிக்கும். ஒட்சிசன் தேவையும் குறையும்.

1958இல் அவர் ஐசிஐ கொம்பனியில் சேர்ந்தார. முதல் வந்த மருந்து புரொனெத்தலோல். எலிகளில் அது புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்தது புரொப்பிரனலோல். 1964இல் அதைப் பற்றிய ஆய்வு வெளியானது. அடுத்த வருசம் 'இன்டெறல்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1988இல் பிளக்குக்கு நோபல் பரிசு. அம்மப்பா குடித்த அற்றெனலோல் அதே கொம்பனியில் பிறந்த தம்பி, 1976இல் விற்பனைக்கு வந்தது. இந்தக் குடும்பத்துக்குத்தான் பீற்றா புளொக்கர் என்று பெயர்.

ஆக, கல்லுண்டாய் வெளியில் நெஞ்சு படபடக்காதது கோளாறு இல்லை. குளிசை தன் வேலையைச் செய்தது. அதற்காகவே அது உருவாக்கப்பட்டது.

ஒரே குளிசை, இரண்டு உடம்பு

அப்ப பலம் குறைந்தது உண்மையோ, பிரமையோ? இதை 1965இலேயே அளந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் பெதெஸ்டாவில் எப்ஸ்ரைன், பிறவுன்வால்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சிலருக்குப் புரொப்பிரனலோல் கொடுத்து, முழு மூச்சோடு உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். இதயம் நிமிடத்துக்கு அனுப்பிய குருதி 22 வீதமளவு குறைந்தது. ஆனால் உடம்பு பாவித்த அதிகபட்ச ஒட்சிசன் 6 வீதமளவில்தான் குறைந்தது. காரணம், தசைகள் வந்த குருதியிலிருந்து கூடுதலாக ஒட்சிசனைப் பிழிந்து எடுத்துக்கொண்டன. அடிக்கொரு தடவை போகும் குருதியும் கொஞ்சம் கூடி ஈடுகொடுக்கும். இருந்தாலும் அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் 40 வீதமளவு குறைந்துவிட்டது. உடம்பு ஓரளவு சமாளிக்கிறது. ஆனால் களைப்பு முந்திக்கொண்டு வருகிறது.

இதயம் மட்டும் இதற்குக் காரணமில்லை. பீற்றாவிலும் இரண்டு வகை உண்டு. முதலாவது பெரும்பாலும் இதயத்தில். இரண்டாவது சுவாசக் குழாய்களிலும் தசைகளின் குருதிக் குழாய்களிலும். உடற்பயிற்சியின்போது கொழுப்பையும் சேமித்த மாச்சத்தையும் உடைத்து எரிபொருளாக்கவும் பீற்றாக் கட்டளைகள் வேண்டும். புரொப்பிரனலோல் இரண்டு பூட்டையும் அடைக்கிறது. அதனால் கால் கெதியாகக் கனக்கும். தொய்வு உள்ளவருக்குச் சுவாசக் குழாய் சுருங்கி ஆபத்து வரும். அற்றெனலோல், மெற்றோபுரொலோல், பைசோபுரொலோல் போன்றவை முக்கியமாக இதயப் பூட்டை மட்டும் தேடிப் போகின்றன. அதனால் இந்தத் தொல்லை அவற்றில் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை.

இப்ப மற்றப் பக்கம். நெஞ்சுநோ உள்ள ஒருவர் நூறு யார் நடந்தால் நோ வந்து நிற்பவர். குளிசை குடித்தபிறகு அதே வேலைக்கு அவருடைய இதயம் குறைவாகத் துள்ளுகிறது. நோ தொடங்கும் எல்லை தள்ளிப்போகிறது. அவர் முன்னையைவிடக் கூடத் தூரம் நடக்கிறார். ஒரே குளிசை நல்ல சுகதேகியின் ஓட்டத்தைக் குறைக்கிறது. நெஞ்சுநோக்காரரின் நடையைக் கூட்டுகிறது. "பீற்றா புளொக்கர் பலத்தைக் குறைக்குமோ?" எண்டு கேட்டால், ஆருடைய உடம்பில் எண்டு திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லமுடியாது.

குளிசை வந்த வழி, வராமல் போன வழி

இலங்கையின் சாதாரண மனிதருக்கு இப்படியான மருந்துகள் கிடைத்ததற்குப் பேராசிரியர் சேனக பிபிலேக்கு நன்றி சொல்லவேண்டும். எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் தயாரித்த அறிக்கையின் வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. தேவையான மருந்துகளை மட்டும், கொம்பனிப் பெயரில் இல்லாமல் மூலப்பெயரில், மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்குவது அதன் வழி. 1977இல் உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புரொப்பிரனலோலும் இருந்தது. மாதம் ஒருக்கா கிளினிக் கொப்பியோடு போய், வரிசையில் இருந்து, பை நிறையக் குளிசையோடு காசில்லாமல் திரும்பி வரும் எங்கட அம்மம்மா அம்மப்பாக்களின் வழக்கம் இலவச சுகாதாரத்தாலும் அந்தக் கொள்கையாலும் வந்தது.

ஆனால் தினமும் குடிக்கும் குளிசைக்குத் திறந்த பாதை வேண்டும். 1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டுக்கு எரிபொருள் தடை, மின்சாரம் இல்லை. மருந்துகள்கூடப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடுதான் வரவேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடியோடு வந்த கப்பல்கள் ஆஸ்பத்திரியின் உயிர்நாடியாக இருந்தன. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணம் சைக்கிளில் ஓடியது. சாமான், நோயாளி, மணமக்கள், எல்லாமே சைக்கிளில். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோக் கேட்டார்கள். கிளாலிக் கரைக்குப் போனவர்களும் சைக்கிளையே நம்பிப் போனார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் மழைக்குள் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, கைகள் உருட்டிக்கொண்டு போனதும் சைக்கிளைத்தான்.

இந்த இடத்தில் மருந்தின் வரலாற்றிலிருந்து இன்னொரு வருசத்தை எடுத்து வைக்கவேண்டும். 1975இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு விசயத்தை எழுதினார்கள்: புரொப்பிரனலோலைத் திடீரென்று நிறுத்திய நெஞ்சுநோக்காரர்கள் சிலருக்கு நோய் முன்னையைவிட மோசமாகத் திரும்பி வந்தது, மாரடைப்பும் வந்தது. காரணம் பிறகு விளங்கியது. பூட்டுகள் நெடுநாள் அடைபட்டுக் கிடந்தால், கலங்கள் மேலதிகமாகப் பூட்டுகளை உருவாக்கிக்கொள்கின்றன. குளிசை திடீரென்று நின்றால் அத்தனை பூட்டுகளும் ஒரே நேரத்தில் அட்றினலினுக்குத் திறந்துவிடும். அதனால்தான் இந்த மருந்தைப் படிப்படியாகவே குறைக்கவேண்டும்.

அதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து வருசத்தை நினைத்துப் பாருங்கள். பாதை பூட்டுப்பட்டால் குளிசை நிற்கும். குளிசை நின்ற உடம்போடுதான் சைக்கிள் மிதிக்கவேண்டும், பங்கருக்குள் ஓடவேண்டும், செல் சத்தத்துக்கு நெஞ்சு துள்ளவேண்டும். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை திரும்பவும் மூடப்பட்டபோதும் இதே நிலைமைதான். 2022இல் டொலர் இல்லாமல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, பெற்றோலும் இல்லாததால் சனம் மறுபடி சைக்கிளில் ஏறியது. எங்கட ஊரில் மருந்து குறையும் காலமும் கால் கூட வேலை செய்யும் காலமும் ஒன்றாகவே வந்திருக்கின்றன.

படுக்கையிலிருந்து நடைக்கு

மாரடைப்பு வந்தவரை ஆறு கிழமை வரைக்கும் கட்டிலில் அசையாமல் கிடத்தி வைத்த காலம் ஒன்று இருந்தது. 1952இல் பொஸ்ரனில் சாமுவேல் லெவினும் பேர்னாட் லௌனும் நோயாளிகளைக் கதிரையில் இருத்திப் பார்த்தார்கள். அதுவே அப்போது துணிச்சலான காரியம். இண்டைக்கு மாரடைப்பு வந்தவருக்கு நடையும் மருந்தின் ஒரு பகுதி.

பீற்றா புளொக்கருக்கும் இப்படியொரு திருப்பம் உண்டு. இதயம் பலவீனமானவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று முதலில் பாடப்புத்தகங்கள் சொல்லின. களைத்த குதிரைக்குக் கடிவாளம் எதற்கு என்ற நியாயம்தான். 1975இல் சுவீடனின் கொத்தன்பேர்க்கில் பின் வாக்ஸ்ரைனும் நண்பர்களும் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் தேறினார்கள் என்று எழுதினார்கள். பெரும்பாலானோர் நம்பவில்லை. 1999இல் பைசோபுரொலோல், மெற்றோபுரொலோல் இரண்டிலும் வெளிவந்த பெரிய ஆய்வுகளில் மரணங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன. ஓயாமல் சாட்டை வாங்கிக்கொண்டிருந்த குதிரைதான் களைத்தது. சாட்டை நின்றதும் அது தேறியது. ஆனால் முதல் சில கிழமைகள் களைப்புக் கூடலாம். அதனால் மிகச் சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். இதைத் தெரியாதவர்கள் அந்தக் கிழமைகளிலேயே குளிசையை எறிந்துவிடக்கூடும்.

எங்களுக்கு இதால் என்ன?

இது முதியவர்களின் கதை மட்டும் இல்லை. ஒற்றைத் தலையிடி, தைரொயிட், கை நடுக்கம், பதட்டம் என்று இளவயதினருக்கும் புரொப்பிரனலோல் எழுதுகிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியத் துப்பாக்கிச் சுடும் வீரர் கிம் ஜொங் சு, கை நடுங்காமல் இருக்க உதவும் இதே மருந்து பிடிபட்டதால் இரண்டு பதக்கங்களையும் இழந்தார். பரீட்சைக்கோ மேடைக்கோ போகமுன் அம்மப்பாவின் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போடும் யோசனை ஆருக்கும் இருந்தால் விட்டுவிடுங்கள். தொய்வு இருப்பது தெரியாதவருக்கு அது மூச்சோடு விளையாட்டு.

வீட்டில் ஆராவது இந்தக் குளிசை குடித்தால், நாங்கள் விளங்கப்படுத்த வேண்டியவை சில. கையில் கட்டும் ஸ்மார்ட் வோச்சும் ஜிம்மில் ஒட்டியிருக்கும் அட்டவணையும் சொல்லும் '220இலிருந்து வயதைக் கழி' என்ற கணக்கு இவர்களுக்குச் சரிவராது. குளிசை அந்த உச்சத்தைக் கீழே இறக்கிவிட்டது. அந்த எண்ணைத் தொடப் பாடுபட்டால் விழுந்துதான் போவார்கள். அதற்குப் பதில் கதைத்துப் பார்க்கும் முறை இருக்கிறது: நடந்துகொண்டே முழு வசனம் கதைக்க ஏலுமெண்டால் அளவு சரி, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் கூடிவிட்டது. சுவீடனின் குனார் போர்க் உருவாக்கிய 6 தொடக்கம் 20 வரையான அளவுகோலும் இதே மாதிரி, எவ்வளவு கஷ்டமாக உணர்கிறீர்கள் என்பதைத்தான் கேட்கிறது. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மெதுவாக. குளிசையோடு பயிற்சி செய்தாலும் உடம்பு பழகிப் பலம் கூடும். அந்தப் பலன் இல்லாமல் போவதில்லை.

சலரோகம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. சீனி இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்தக் குளிசை மறைத்துவிடும். வியர்ப்பது மட்டும் மறையாது. சைக்கிளில் தூரம் போகும் தாத்தாக்கள் காத்துக்குள்ளும் வியர்த்து ஒழுகினால் நிறுத்திச் சீனியைப் பாருங்கள்.

தலைசுற்றி விழுவது, கிடந்தெழும்பினாலும் போகாத இளைப்பு, நாடி மிகக் குறைவாக அடிப்பது என்றால் பொறுத்திருக்கக்கூடாது, டொக்டரிடம் போகவேண்டும். அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம். பிரசருக்கு மட்டும் இதைக் குடிப்பவர் எண்டால் வேறு மருந்தும் இருக்கக்கூடும். 2006இல் பிரித்தானிய வழிகாட்டி சாதாரண பிரசருக்கான முதல் தெரிவுகளிலிருந்து இதை எடுத்துவிட்டது. ஆனால் முடிவை எடுப்பது கிளினிக்கில், நாங்களாக இல்லை.

கிளினிக்கில் ஒரு டொக்டருக்கு முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடம். "குளிசையை ஒழுங்காக் குடியுங்கோ, ஒவ்வொரு நாளும் நடவுங்கோ" என்பதோடு நேரம் முடிந்துவிடும். நடக்கும்போது உடம்பு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல நேரமில்லை. நூற்றைம்பது வருசத்துக்கு முதல் சுகரணத்தைத் தமிழில் எழுதிப் படித்த ஊர் இது. அந்த மிச்ச நிமிடங்களை வீட்டில் நாங்கள் கொடுக்கலாம். இந்தக் கட்டுரையை எழுதியதும் அதற்குத்தான்.

அம்மப்பாவின் குளிசையை டொக்டர் குறைந்த அளவில் மறுபடி தொடங்கி, மெதுவாகச் சரிசெய்தார். அவர் இப்பவும் காக்கைதீவுக்குப் போகிறார். சோளகம் இறங்கமுன், விடியக் காலமையே. பேத்தி பக்கத்தில் தன் சைக்கிளில் போவாள். வெளி வந்ததும் கதை கேட்பாள். வசனம் முறியத் தொடங்கினால் இரண்டு பேரும் இறங்கி உருட்டுவார்கள்.